உயிரணுவின் பிடி: கோமாரியும் இளங்கொடியும்

(அரூர் வட்டாரக் கால்நடை வளர்ப்போருக்கான வானொலி உரை)



தச்சு வேலை செய்கிறவர்கள் பலகை ஒட்டுவதற்கு இன்றைக்குக் கடையில் டப்பாப் பசை வாங்குகிறார்கள். முன்பெல்லாம் வஜ்ஜிரக் கட்டியை ஊறவைத்துச் சட்டியில் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள். அதன் வாடை தெருமுனை வரைக்கும் வரும். அந்த வஜ்ஜிரம் எதிலிருந்து வந்தது தெரியுமா? மாட்டுத் தோல், எலும்பு, தசைநார் இவற்றை வேகவைத்து எடுத்ததுதான். அதாவது, மாட்டின் உடம்பை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த சரக்கே பலகையையும் ஒட்டியது. அந்தச் சரக்குக்கு கொலாஜன் என்று பெயர். கிரேக்க மொழியில் பசையை உண்டாக்குவது என்று பொருள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாட்டின் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. செல் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான் உயிரணு. ஏறக்குறைய நூறு உயிரணுவை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். இத்தனை சிறிய துணுக்குகள் மணல் குவியலைப் போலச் சரிந்து விடாமல் நாக்காகவும் தோலாகவும் மடியாகவும் எப்படி நிற்கின்றன? ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான். அந்தப் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை, கோமாரி வந்த மாட்டின் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தவர்கள் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும்.

உயிரணுவுக்கு இரண்டு விதமான பிடி உண்டு. ஒன்று, பக்கத்து உயிரணுவோடு. சட்டையில் டக்கென்று அமுக்கி மூடும் பிரஸ் பட்டன் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி இரண்டு உயிரணுக்களுக்கு நடுவே வரிசை வரிசையாகப் பொட்டுகள் இருக்கின்றன. இந்தப் பட்டனைச் செய்திருக்கும் புரதத்துக்கு கேட்ஹெரின் என்று 1980-களில் ஜப்பானிய விஞ்ஞானி தகெய்ச்சி பெயரிட்டார். சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் இந்தப் பட்டன் மாட்டும். சோதனைச் சாலையில் சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டால் உயிரணுக்கள் தனித்தனியாக உதிர்ந்துவிடுகின்றன. உடனே யாரும் சுண்ணாம்பைக் கரைத்து மாட்டுக்கு ஊற்றிவிட வேண்டாம்! இந்தப் பட்டனுக்கு வேண்டியது ரத்தத்திலேயே எப்போதும் இருக்கிறது.

இரண்டாவது பிடி, அடித்தளத்தோடு. தோலின் மேல்பாகம் உயிரணுக்களால் ஆன அடுக்கு. அதற்குக் கீழே கொலாஜன் நார்களால் பாய் முடைந்தது போன்ற ஒரு தளம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் சுண்ணாம்பு நீரில் தோலை ஊறவைத்து மயிரையும் மேல் அடுக்கையும் கழித்துவிட்டு எடுத்துக்கொள்வது இந்த நார்ப்பாயைத்தான். செருப்பாகக் காலில் போடுவது அதுதான். உயிரோடு இருக்கும் மாட்டில், மேல் அடுக்கு உயிரணுக்கள் இந்தப் பாயைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. பற்றும் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர். உயிரணுவின் உள்ளேயிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கை கண்டதையும் பிடிப்பதில்லை. இன்டெக்ரினில் பல வகை உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு அடையாளம். புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரி. அந்த மாலையில் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று மணிகள் இதே வரிசையில் அடுத்தடுத்து வந்தால் சில வகை இன்டெக்ரின் கைகள் 'இதுதான் நம்ம கயிறு' என்று பிடித்துக்கொள்கின்றன. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள். மாட்டு நோயை மனதில் வைத்து அவர்கள் ஆராய்ச்சி செய்யவில்லை. ஆனால் ஐந்து வருஷத்தில் அது மாட்டுக் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது.

இப்போது கோமாரிக்கு வருவோம். வாய்க்காணை கால்காணை என்று நம் பக்கம் சொல்வதும் இதுதான். வைரஸ் என்னும் நச்சுயிரியால் வருகிறது. 1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இருவர், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டிப் போகிற கிருமி இது என்று காட்டினார்கள். கால்நடைகளுக்கு வரும் நச்சுயிரி நோய்களில் முதன்முதலாக இனங்கண்டது இதைத்தான். முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும், அவ்வளவு சிறிசு. கை இல்லை, கால் இல்லை, வாய் இல்லை. உயிரணுவுக்குள்ளே போனால்தான் பெருக முடியும். அப்படியானால் எப்படி உள்ளே போகிறது?

1989-இல் பிரிட்டன் நாட்டு விஞ்ஞானிகள் இந்த நச்சுயிரியின் உருவத்தை அணு அணுவாக அளந்து படம் போட்டார்கள். உருண்டைப் பந்து. அதன் மேற்பரப்பில் அங்கங்கே ஒரு வளையம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த வளையத்தின் நுனியில் அதே மூன்று மணிகள், அதே வரிசையில்! நார்ப்பாயைப் பிடிப்பதற்காக உயிரணு நீட்டும் கையில், நச்சுயிரி தன்னைக் கயிறு மாதிரி கொடுத்துவிடுகிறது. கயிற்றைப் பாம்பு என்று நினைத்து மிரண்ட கதை நமக்குத் தெரியும். இது நேர்மாறு. கயிறு என்று நம்பிப் பாம்பைப் பிடித்த கதை. பிடித்ததோடு நிற்காமல் உயிரணு அதை உள்ளேயும் இழுத்துக்கொள்கிறது. உள்ளே கொஞ்சம் புளிப்பான ஒரு பை இருக்கிறது. அதில் பட்டதும் பந்து உடைந்து, உள்ளிருக்கும் விதை வெளியே வந்து பெருகத் தொடங்குகிறது.

"ஏன் சார், வாயிலயும் கால்லயும் மட்டும் ஏன் கொப்புளம் வருது? முதுகுல வரலையே?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இந்த நச்சுயிரிக்கு மிகவும் தோதான ஒரு வகைக் கை, நாக்கு, வாய், குளம்புக்கு இடைப்பட்ட தோல் ஆகிய இடங்களின் உயிரணுக்களில் நிறைய இருக்கிறது. மூச்சு வழியாகத் தொண்டைக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, கடைசியில் இந்த இடங்களில் வந்து குடியேறுகிறது. கிருமி தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், எச்சில் ஒழுகுதல், சப்புக்கொட்டுதல், நொண்டுதல் எல்லாம் தெரியும். மேல் அடுக்கின் நடுவிலுள்ள உயிரணுக்கள் வீங்கி வெடிக்கின்றன. பட்டன்கள் அறுந்து இடுக்கில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம். மாடு தீவனத்தில் வாய் வைத்ததும் கொப்புளம் உடைந்து தோல் உரிகிறது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. நடு அடுக்கு அழிந்தாலும், நார்ப்பாயை ஒட்டிக்கொண்டிருக்கும் அடி அடுக்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே நாக்குப் புண் இரண்டு வாரத்தில் ஆறிப் புதுத்தோல் மூடிவிடும். ஆறுகிற விதத்தைப் பாருங்கள். புண்ணின் ஓரத்தில் உள்ள உயிரணுக்கள் பழைய பிடியை விட்டு, முன்பக்கம் கையை நீட்டி, வெறும் தரையாகக் கிடக்கும் நார்ப்பாயைப் பிடித்து, பின்பக்கப் பிடியை விட்டு, ஊர்ந்து ஊர்ந்து நடுவுக்கு வருகின்றன. பனை ஏறுகிறவர் கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு காலை மேலே இழுப்பார், பிறகு காலை ஊன்றிக் கையை மேலே போடுவார். அதே வித்தைதான்.

மரம் ஏறுகிறவர் பாதி மரத்தில் இருக்கும்போது மரத்துக்குத் தீ வைத்தால் எப்படி இருக்கும்? கோமாரிப் புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், மயில்துத்தத் தூளை அள்ளி அப்புவதும், உப்பையும் புளியையும் வைத்து நாக்கை ரத்தம் வரத் தேய்ப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கிருமியைக் கொல்கிறோம் என்று நினைத்து, ஊர்ந்து வரும் உயிரணுக்களைக் கொல்கிறோம். அவை பிடித்துக்கொள்ள வேண்டிய தளத்தையும் கருக்கிவிடுகிறோம். புண் ஆழமாகிறது, ஈ மொய்க்கிறது, புழு வைக்கிறது. பிறகு குளம்பே கழன்று போகிறது.

வாய்ப்புண்ணைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரிலோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சிட்டிகை போட்டு இளம் ரோஜா நிறத்தில் கரைத்த தண்ணீரிலோ மெதுவாகக் கழுவிவிட்டால் போதும். நிறம் கருஞ்சிவப்பாக இருந்தால் அதுவும் எரிக்கும். கழுவிய பிறகு போரிக் பவுடரை கிளிசரினில் குழைத்துத் தடவலாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் மரபு மருந்தும் உண்டு: சீரகம், வெந்தயம், மிளகு மூன்றையும் ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம் சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலில் பிசைந்து வாய்க்குள் தடவ வேண்டும். இது புண்ணுக்கு இதமானது. நச்சுயிரியைக் கொல்லும் என்று எண்ண வேண்டாம். காலைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு வேப்பெண்ணெய் தடவுங்கள். புழு வைத்திருந்தால் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய். கொட்டகைத் தரை சேறாக இருந்தால் எந்த மருந்தும் நிற்காது. வைக்கோலையும் சோளத்தட்டையையும் ஒதுக்கிவிட்டு, கம்பங்கூழ், அரிசிக் கஞ்சி, இளம்புல் கொடுங்கள். கையால் ஊட்டினால்கூடத் தப்பில்லை.

புண் இருக்கும் இடத்துக்கு வெள்ளையணுக்கள் வந்தாக வேண்டும். ரத்த ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகும் வெள்ளையணு, குழாய்ச் சுவரை எட்டிப் பிடித்து நின்று, பிறகுதான் வெளியேறி வர முடியும். ஹோல்ஸ்டீன் இனத்தில் சில கன்றுகளுக்கு இந்தப் பிடி பிறவியிலேயே இல்லாமல் போனது. ரத்தத்தில் வெள்ளையணு ஏராளமாக இருக்கும், ஆனால் ஒன்றுகூடப் புண்ணுக்கு வராது. வாய்ப்புண், கழிச்சல், சளி என்று மாறி மாறி வந்து கன்று செத்துப்போகும். அமெரிக்காவில் ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற புகழ்பெற்ற பொலிகாளையின் வழியில் இந்தக் குறை பரவியிருந்தது. 1992-இல் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டு உறைவிந்து நிலையங்களில் இதற்காகக் காளைகளைச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கலப்பினக் காளைக்குச் சேர்க்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, புண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் நச்சுயிரி உயிரணுவின் கையைப் பிடித்துவிட்ட பிறகு அதைப் பிரித்தெடுக்க நம்மிடம் கொட்டகையில் கொடுக்கக்கூடிய மருந்து கிடையாது. போடுகிற ஊசியெல்லாம் காய்ச்சலுக்கும், பின்னால் வரும் பாக்டீரியாவுக்கும்தான். பிடிப்பதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும். அதற்குத்தான் தடுப்பூசி.

தடுப்பூசிக்குள் இருப்பது கொல்லப்பட்ட கோமாரி நச்சுயிரி. அதைப் பார்த்து மாட்டின் உடம்பு எதிர்ப்புப் புரதங்களைச் செய்துகொள்கிறது. பிறகு உண்மையான கிருமி வந்தால், அவை போய் அந்தத் துருத்திய வளையத்தின் மேலும் அதன் அக்கம்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு மூடிவிடுகின்றன. உயிரணு நீட்டும் கைக்குக் கயிறு அகப்படாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நுனியில் உள்ள மூன்று மணிகள் பெரும்பாலும் மாறுவதில்லை, ஆனால் சுற்றியிருக்கும் மணிகள் ரகத்துக்கு ரகம் மாறுகின்றன. ஓ ரகத்துக்கு உண்டான எதிர்ப்பு ஏ ரகத்தை மூடாது. உலகில் ஏழு ரகம் உண்டு. இந்தியாவில் இப்போது ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்றும்தான் கணக்கு. ஊசியிலும் மூன்றும் கலந்திருக்கும். எதிர்ப்பும் ஆயுள் முழுக்க நிற்காது. ஆறு மாதத்தில் மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசிக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவது இதனால்தான்.

இந்தத் தடுப்பூசி செய்த கதையிலும் பிடிதான் முக்கியப் பாத்திரம். 1940-களின் கடைசியில் ஹாலந்து நாட்டில் ஃப்ரெங்கெல் என்பவர், கசாப்புக்கூடத்தில் வெட்டிய மாடுகளின் நாக்குத் தோலைக் கொண்டுவந்து குடுவையில் உயிரோடு வைத்து அதில் நச்சுயிரியை வளர்த்தார். எத்தனை நாக்கைத்தான் சேகரிப்பது? 1961-இல் கிளாஸ்கோவில், ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் ஒரு நாள் குட்டிகளுடைய சிறுநீரக உயிரணுக்களை வளர்த்து ஒரு வழித்தோன்றலை உண்டாக்கினார்கள். அவை கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரே அடுக்காகத்தான் வளரும். எத்தனை பாட்டில் இருக்கிறதோ அத்தனை விளைச்சல். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் பிர்பிரைட் ஆராய்ச்சி நிலையத்தில், சுவரைப் பிடிக்காமலே கலக்கிய நீரில் மிதந்து வளர அந்த உயிரணுக்களைப் பழக்கினார்கள். அதன் பிறகுதான் பெரிய தொட்டியில், ஆயிரக்கணக்கான லிட்டரில், மலிவாகத் தடுப்பூசி செய்ய முடிந்தது. 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பால்வள வாரியம் ஐதராபாத்தில் ஒரு தொழிற்சாலை வைத்தது இந்த ஊசியை நம் நாட்டிலேயே செய்வதற்குத்தான்.

நச்சுயிரிப் பந்தே 12 துண்டுகளைக் கோத்துச் செய்ததுதான். சூடு பட்டால் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த பந்தைக் குத்தினால் மாட்டுக்குச் சரியான எதிர்ப்பு வராது. அதனால்தான் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். உறைந்தும் போகக் கூடாது. ஐஸ் பெட்டியோடு வருகிறவரை 'கொஞ்சம் இருங்க, மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கு, மத்தியானம் வாங்க' என்று வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள். முன்னமே தேதி சொல்கிறார்கள். அன்று காலையில் மாட்டைக் கட்டி வைத்திருங்கள். சித்தேரி மலைக் கிராமங்களுக்கு மருந்து போய்ச் சேருவதே பெரிய பாடு.

"ஊசி போட்டா ரெண்டு நாள் பால் குறையுது சார், சொசைட்டியில கேக்குறாங்க" என்கிறார்கள். உண்மைதான், ஓரிரு நாள் கொஞ்சம் குறையலாம். குத்தின இடத்தில் கட்டிகூட வரலாம். நோயே வந்தால் அந்தக் கறவை முழுக்கப் போகும். அதோடு போவதில்லை. கோமாரி கண்டு பிழைத்த கலப்பின மாடு சிலது பிற்பாடு வெயில் தாங்காமல் நாய் மாதிரி இரைக்கும், சினை பிடிக்காது. அதைவிடக் கொடுமை கன்றுக்கு நேர்வது. பால் குடிக்கும் கன்றில் நச்சுயிரி இதயத் தசையைத் தாக்கும்; வாயில் ஒரு கொப்புளமும் இல்லாமல் நின்ற இடத்தில் விழுந்து செத்துப்போகும். ஊசி போட்ட தாயின் சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் கன்றுக்கு இறங்குகிறது. அது சில மாதம் காப்பாற்றும். அதனால் கன்றுக்கு நாலாம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. நிறைசினை மாடு இருந்தால் ஊசி போட வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2013-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கோமாரி புகுந்து மாடுகளைச் சாய்த்தது பலருக்கு நினைவிருக்கும். தேசிய அளவில் 2019 செப்டம்பரில் தொடங்கிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஊசி இலவசம். கோபிநாதம்பட்டி கூட்டுரோடு சந்தையிலோ வேறு சந்தையிலோ மாடு வாங்கி வந்தால், இரண்டு வாரம் தனியே கட்டிப் பாருங்கள். நோய் கண்ட கொட்டகையை, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கழுவுங்கள். வாசலிலும் ஒரு சாக்கை அதில் நனைத்துப் போட்டு, கால் வைத்து வரச் சொல்லுங்கள்.

இதுவரை பிடியைப் பற்றியே பேசினேன். விட வேண்டிய நேரத்தில் விடாமல் போவதும் ஒரு நோய்தான். கன்று ஈன்ற மாட்டின் இளங்கொடியில் கொட்டை கொட்டையாக 70 முதல் 120 வரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் கருப்பையிலுள்ள ஒரு பொத்தானோடு விரல் கோத்த மாதிரி கோத்திருக்கும். நடுவே பசையாக இருப்பது நாம் முதலில் சொன்ன அதே கொலாஜன்தான். ஈனும் நாள் நெருங்கும்போது மாட்டின் உடம்பே அந்தக் கொலாஜனைக் கரைத்துத் தளர்த்துகிறது. ஆகவே கன்று விழுந்து 12 மணி நேரத்துக்குள் கொடி தானே விழுந்துவிடும். மாதம் நிறையாமல் ஈன்றாலும், இரட்டைக் கன்று ஆனாலும், பால் காய்ச்சல் வந்தாலும், கருச்சிதைவு நோய் இருந்தாலும் இந்தத் தளர்ச்சி சரியாக நடப்பதில்லை, கொடி தங்கிவிடுகிறது.

அதில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும், கையை விட்டுப் பிய்ப்பதும் வேண்டாம். கரையாத பசையை இழுத்தால் கருப்பைச் சுவர்தான் கிழியும். அடுத்த சினை கெட்டுப்போகும். தொங்கும் பாகத்தை முழங்கால் மட்டத்தில் நறுக்கிவிட்டு, 12 மணி தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், தீவனம் எடுக்காமை இருந்தால் காத்திருக்கவே கூடாது. நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம்.

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். நாய் இழுக்காது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்தது. ஆனால் கன்று வீசிய மாட்டின் கொடியை மரத்தில் கட்டாதீர்கள். கருச்சிதைவு நோய்க் கிருமி அதில் இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை இந்த நோய்க்கான ஊசியும் போடுகிறார்கள். கோமாரி ஊசிக்கு வருகிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.